தும்பு முடி ராஜகுமாரி

நம் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். இடுப்பு வரை தொங்குகிற தங்க நிறத் தலைமுடி வேண்டும் என்று எட்டு வயதில் உங்களுக்கு ஆசை வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இப்போதைய பிள்ளைகள் போனைத் தொட்டால் போதும், மறுநாள் வாசலில் பொதியாக வந்து இறங்குகிறது. எனக்கு அது கடலோரத்துப் பொழியூரிலிருந்து வந்தது. தேங்காய்த் தும்பு. காயலில் மாதக்கணக்கில் அழுகி, தடியால் அடிபட்டு, வெயிலில் காய்ந்து, கயிறாகத் திரிவதற்கு முன்னால் என் தலைக்கு வந்து சேர்ந்த தும்பு. அதன் வாடை இருக்கிறதே, ஐயோ, மூக்கைப் பொத்திக்கொண்டு நினைத்தாலும் வரும்.

பாறசாலைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு படப்புத்தகம் உண்டு. எப்போதோ கப்பலேறிப் போன ஒரு துரைசாணி விட்டுச்சென்றது. அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு டீச்சர் அதை எடுத்து, கையைக் கழுவியிருக்கிறோமா என்று பார்த்துவிட்டு, நடுப்பக்கத்தைத் திறந்து காட்டுவார். அதில் ஒரு ராஜகுமாரி கடற்கரையில் நிற்பாள். தரை வரை விழும் நீல உடுப்பு, புடைத்த கை, லேஸ் என்கிறார்களே, அந்த வெள்ளை ரேந்தை வைத்த கழுத்து, வெள்ளிக் கிரீடம், அந்தத் தலைமுடி. அவளுடைய நாட்டில் உப்பே கிடையாதாம். உப்பில்லாத கஞ்சி குடித்துக் குடித்து ராஜா நோயில் விழ, உப்பைத் தேடி அவள் தனியாகக் கடலுக்குப் போகிறாள். வெள்ளைக்காரர்கள் ஊரில் உப்புக்கு அப்படி என்ன பஞ்சம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. பொழியூர்க்காரப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

அந்த வருடம் ஆண்டுவிழாவுக்கு டீச்சர் அந்தக் கதையைத் தமிழில் நாடகமாக எழுதினார். ராஜகுமாரி நான். அழகுக்காக இல்லை. எனக்குத் தொண்டை பெரிது, பாடமும் சீக்கிரம் ஏறும், அவ்வளவுதான். என் நிறத்தைப் பார்த்து யாரோ முணுமுணுத்தபோது டீச்சர், "பௌடர் எதுக்கு இருக்கு?" என்று வாயை அடைத்துவிட்டார்.

உடுப்பைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. என் அப்பா உதியன்குளங்கரை முக்கில் தையல்கடை வைத்திருந்தார். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, அந்தப் படத்தைப் பார்த்தார். வரையவில்லை, குறித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் என்னை நிறுத்தி அளவெடுத்தார். டேப்பின் பித்தளை நுனி கழுத்தில் சில்லென்று பட்டதும் நான் நெளிந்தேன். "அனங்காத நில்லு மக்கா. ராணிக்கு அளவெடுக்கது அப்பாக்கு இது முதல் தடவையாக்கும்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஊர் இரண்டுபட்டது. மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ் பேசுகிற தாலுகாக்களையெல்லாம் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கிளர்ச்சி நடந்த வருடங்கள் அவை. வாழைத் தோட்டங்களுக்கு அப்பாலிருந்து கோஷம் கேட்கும், பிறகு நின்றுபோகும். ரோட்டில் போலீஸ் லாரி போனால் அதன் பின்னால் எழுந்த புழுதி வெகுநேரம் வெயிலில் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் தமிழும் மலையாளமும் ஒரே அடுப்பில்தான் வெந்தன. இது எதற்குச் சண்டை என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்திருந்தது போலும். கிளர்ச்சிக்காரர்களுக்குக் கொடி தைத்துக் கொடுத்தார். தைத்ததோடு விட்டாரா, முக்கில் இருந்த கம்பத்தில் ஏறிக் கட்டவும் செய்தார்.

ஒரு மத்தியானம் போலீஸ்காரர்கள் வந்து கடையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். தையல் மெஷினை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அப்பா பின்வழியாக வீட்டுக்கு வந்து, அம்மா பரிமாறிய சோற்றில் கை வைக்காமல், என் தலையைத் தொட்டுவிட்டு, மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு, அப்பா எங்கே என்று யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்றாள் அம்மா. நான் கேட்டாலும் அதே பதில்தான்.

கொஞ்ச நாள் கழித்து மாமி வந்தாள். மாமி என்றால் அப்பாவின் அக்கா, பொழியூரில் வாழ்க்கைப்பட்டவள். கருப்பட்டியைக் கடவப்பெட்டியில் அடுக்கித் தலையில் சுமந்து, ஆரியங்கோடு மலைப்பக்கம் வரை நடந்து விற்பாள். அவளுக்குப் பயம் என்ற ஒன்றைக் கடவுள் வைக்க மறந்துவிட்டார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அம்மாவின் காதருகே குனிந்தாள். குசுகுசு என்று பேசுவதாக அவளுக்கு நினைப்பு. எனக்கு அடுத்த அறையில் கேட்டது.

"ஆளு சொகமா இருக்கான். ரப்பர் தோட்டத்துப் புகைப்புரையில கெடக்கான். பிள்ளைக்க உடுப்ப அவன்தான் தைப்பானாம். துணியக் குடுத்துவிடச் சொன்னான்."

"மெஷினு இல்லாமயா மைனி?"

"ஊசி உண்டுல்லா."

யாரோ ஜன்னல் திரைக்கு வாங்கித் தந்து, பிறகு வேண்டாம் என்று விட்ட நீலத் துணி வீட்டில் இருந்தது. அது கருப்பட்டிக்கு அடியில் மலையேறியது.

பிறகு என் உடுப்பு துண்டு துண்டாக வரத் தொடங்கியது. முதலில் ஒரு கை. ஒரு கை மட்டும். பலூன் மாதிரி புடைத்து, மணிக்கட்டில் ஒட்டி, மெஷின் போட்டதோ என்று சந்தேகப்படும்படி நெருக்கமான தையல். ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகையும் கருப்பட்டியும் கலந்த ஒரு மணம் அதிலிருந்து வந்தது. உள்ளே எறும்பு. உதறிவிட்டுக் கையை நுழைத்துக்கொண்டு அன்று முழுவதும் அப்படியே திரிந்தேன். சாப்பிடும்போதும் கழற்றவில்லை. அடுத்த முறை மற்றக் கை வந்தது. வெறும் பெட்டிகோட்டோடு இரண்டு நீலக் கைகளை மாட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்று, "உப்பே, நீ எங்கிருக்கிறாய்?" என்று நான் வசனம் சொன்னதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓடின.

அம்மா ரேந்தை பின்னுகிறவள். மிஷன் வீட்டிலிருந்து கற்றுக்கொண்ட வேலை. உருளைத் தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போடுவாள். அந்தக் குச்சிகள் கடகடவென்று முட்டிக்கொள்கிற சத்தத்தில்தான் நான் மத்தியானத்தில் தூங்கிப்போவேன். அப்பா போன பிறகு அந்தச் சத்தம் வேகமாகிவிட்டது. விற்பதற்குப் பின்னியது போக மீதி நூலில் என் கழுத்துக்கு ஒரு காலர் வளர்ந்தது. டீக்கடையில் வாங்கிய ஈயத்தாளை அட்டையில் வைத்து, ரப்பர் பாலால் ஒட்டிக் கிரீடம் செய்தோம். தும்பை மாமி மூன்று தண்ணீரில் அலசி, மஞ்சள் போட்டு ஊறவைத்து, சீப்பால் வாரி, பழைய துணித் தொப்பி ஒன்றில் வரிசையாகத் தைத்தாள். மாட்டிக்கொண்டால் தலை முழுக்க அரிக்கும். அரித்தால் என்ன? அப்படி அரித்தபடியேதான் நான் அந்த நாட்களில் நடந்தேன், உட்கார்ந்தேன், ஜெபம் பண்ணினேன். கண்ணை மூடினால் உப்பில்லாத நாடும், கடலும், புகைக்குள் உட்கார்ந்து தைக்கிற அப்பாவும் ஒன்றாகத் தெரிவார்கள். எது கதை, எது வீடு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாகப் பாவாடைப் பகுதி வந்தது. அம்மா அதைப் பாயில் விரித்தாள். விளிம்புக்கு மேலே, உள்பக்கமாக, மடிப்பு. அதற்கு மேல் இன்னொரு மடிப்பு. அதற்கும் மேல் இன்னும்.

உங்களுக்கு இது தெரியும். நம் உடுப்புகள் எல்லாமே அப்படித்தானே தைக்கப்பட்டன. வளருகிற பிள்ளைக்கு என்று துணியை உள்ளே மடித்து இழை ஓட்டித் தைத்துவிடுவார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு மடிப்பை அவிழ்த்தால் உடுப்பு நீண்டுகொடுக்கும். அவிழ்த்த இடம் மட்டும் சாயம் போகாமல் பட்டையாகத் தெரியும். எங்கள் அப்பாவின் பழக்கம், ஒரு வருடத்துக்கு ஒரு மடிப்பு.

மாமி சிரித்தாள். "ஒரு பொழுதுக்கு உடுக்கப்பட்ட உடுப்புக்கு எதுக்கு பிள்ளே இத்தன மடிப்பு? எனக்க தம்பிக்கு புகையில கெடந்து புத்தி மங்கிப்போச்சு."

அம்மா சிரிக்கவில்லை. ஒவ்வொரு மடிப்பாக விரலால் தடவிக்கொண்டே போனாள். "மைனி, இவரு இப்ப ஒண்ணும் வரப்பட்ட ஆளு இல்ல" என்றாள். பிறகு அடுக்களைக்குப் போய், புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டு அழுதாள். அடுப்பு எரியவில்லை. எனக்கோ ஒரே சந்தோஷம். எத்தனை ஆண்டுவிழா வந்தாலும் நான்தான் ராஜகுமாரி என்று அப்பாவே முடிவு செய்துவிட்டார் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது மாமி இன்னொன்றும் சொன்னாள். "நாடகத்தண்ணைக்கு வந்து மதிலுக்கு வெளிய நிண்ணு பாப்பானாம். பிள்ளயப் பாக்காத இருக்க முடியல்லியாம்."

"வராண்டாம்னு சொல்லுங்க."

"சொன்னா கேக்கப்பட்டவனா அவன்?"

புகை வாடை போகட்டும் என்று அம்மா உடுப்பைச் சேர்த்துத் தைத்து முற்றத்துக் கொடியில் போட்டிருந்த அன்று ஏட்டு வந்தார். போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு. அப்பாவைப் பற்றி விசாரிக்க அடிக்கடி வருவார், மோர் வாங்கிக் குடிப்பார், போய்விடுவார். அன்று நேராகக் கொடியருகே போனார். விளிம்பைத் திருப்பி உள்தையலைப் பார்த்தார். அவர் போட்டிருந்த காக்கியே அப்பா தைத்ததுதான். அந்தக் கையை அவருக்குத் தெரியாதா?

"தையல் கொள்ளாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மோளாணோ ராஜகுமாரி? பரிபாடி காணான் ஞானும் வரும், கேட்டோ" என்றார். தையல் நன்றாக இருக்கிறது, ராஜகுமாரி நீதானா, நிகழ்ச்சியைப் பார்க்க நானும் வருவேன் என்று அர்த்தம். மோர் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாருக்கும் எதுவும் ஆகாத மாதிரி நடந்து போனார்.

அம்மா கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டது. மகள் மேடையில் நின்றால் தகப்பன் வருவான், வந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் சுட்டுக்கொல்லப்பட்டவர்களைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். அவளை யார் குறை சொல்ல முடியும்?

ஆண்டுவிழா நாள் விடிந்ததும் மாமியை மலைக்கு அனுப்பினாள். பிள்ளை நாடகத்தில் இல்லை, நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். பிறகு டீச்சரைப் போய்ப் பார்த்து, எனக்குக் காய்ச்சல் என்றாள். டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆறாம் வகுப்பில் படிக்கிற அக்கா ஒருத்திக்கு என் வசனம் முழுவதும் தெரியும், ஆனால் உடுப்புக்கு எங்கே போவது? அம்மா உடுப்பைத் தருவதாகச் சொல்லிவிட்டாள். வேறொரு பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு நின்றால், அப்பாவுக்கு அங்கே வர எந்தக் காரணமும் இல்லை என்பது அவளுடைய கணக்கு.

அந்த அக்கா என்னைவிட ஒரு முழம் உயரம். அம்மா பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து மடிப்புகளை அவிழ்த்தாள். டிக் டிக் என்று நூல் அறுந்தது. ஒவ்வொன்று அவிழும்போதும் உள்ளேயிருந்து கசங்கிய நீலம் வெளியே வந்து பாயில் விழுந்தது. நான் துணியை இழுத்துப் பிடித்தேன்.

"அது நான் வளரதுக்கு உள்ளதாக்கும். அப்பா எனக்கு வச்சதாக்கும்."

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போயி கெடந்துக்கோ மக்கா. உனக்குக் காய்ச்சலாக்கும்" என்றாள்.

ஆகவே எனக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி, கழுத்து வரை கம்பளி, பக்கத்தில் சுக்குக்காப்பி. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான். சாயங்காலம் பெட்ரோமாக்ஸ் ஏற்றியதும் பலா மரங்களுக்கு மேலே வானம் வெளுத்தது. ஹார்மோனியம் கேட்டது. பிறகு கைதட்டல். பிறகு என் ராஜகுமாரி பேசத் தொடங்கினாள், வேறொருத்தியின் குரலில். சொற்கள் காற்றில் கலைந்து கலைந்துதான் வந்தன. நான் கம்பளிக்குள் உதட்டை அசைத்துக்கொண்டு கிடந்தேன். உடம்பு உண்மையிலேயே சுட்டது. ஒரு கட்டத்தில் நான் அங்கேதான் நிற்கிறேன், இங்கே கிடப்பது வேறு யாரோ என்று தோன்றியது. அம்மா கதவருகே நின்றாள். அவள் நாடகத்தைக் கேட்கவில்லை. விசில் சத்தம் கேட்கிறதா, ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றாள். எதுவும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து தீப்பந்தங்கள் வீடுகளுக்குத் திரும்பிய பிறகு வந்து என்னைக் கட்டிக்கொண்டு படுத்தாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமி வந்தாள். "நான் போய்ச் சேரும்போ ஆளு அங்க இல்ல பிள்ளே. எங்க போனான்னு ஒருத்தனுக்கும் தெரியல்ல." அப்பா வந்தாரா, வரவில்லையா? அம்மாவுக்குத் தெரியவில்லை. மாமிக்கும் தெரியவில்லை. ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார் என்று பின்னால் ஒரு செய்தி வந்தது.

உடுப்பு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. டீச்சர் அதைப் பள்ளிக்கூட அலமாரியில் வைத்தார். அதற்குப் பிறகு அது கிறிஸ்துமஸ் நாடகங்களில் காபிரியேல் தூதன் ஆயிற்று, சாஸ்திரி ஆயிற்று, ஒரு வருடம் ஏரோது ராஜாவின் மனைவிகூட ஆயிற்று. ரேந்தைக் காலரை யார் எடுத்தார்களோ தெரியாது. தும்பு முடியை எலி கொண்டுபோனது. அதையாவது எலி மதித்தது.

வழக்குகளை எடுத்துவிட்ட பிறகு அப்பா வந்தார். மெலிந்து, மீசை இல்லாமல். பிறகு எல்லை போட்டார்கள். களியக்காவிளையோடு தமிழ்நாடு நின்றுவிட்டது. நாங்கள் இந்தப்பக்கம், மலையாளத்தோடு. அப்பா எதற்காகப் புகைக்குள் கிடந்தாரோ, அது நான்கு மைல் தெற்கே முடிந்துபோனது. அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. முத்திரை உடைத்த கடையில், துருப்பிடித்துத் திரும்பி வந்த மெஷினுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு பாஷைக்காரர்களுக்கும் தைத்தார். வந்த புதிதில் ஒருமுறை, "அந்த உடுப்பு எங்க?" என்று கேட்டார். "ஸ்கூலுக்குக் குடுத்தாச்சு" என்றாள் அம்மா. அவர் தலையாட்டினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு அம்மா சொன்னாள்: "நாடகத்தப் பத்தி அப்பாட்ட ஒரு வார்த்தை மிண்டாத. தன்னாலதான் பிள்ள நிக்காமப் போச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்கமாட்டாரு." நான் மிண்டவில்லை. அம்மாவோடு எனக்கிருந்த கோபமும் மிண்டாமல் வெகுகாலம் கிடந்தது.

என் மகளுக்கு ஆறு ஏழு வயதாக இருக்கும்போது அவள் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி வந்தது. அப்பாவிடம் கொண்டுவிட்டேன். கண்ணாடி போட்ட அப்பா அவளை நிறுத்தி அளவெடுத்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் பயறு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா, யாரும் கேட்காமலேயே, பேத்தியிடம் சொல்லத் தொடங்கினார்.

"உனக்க அம்மை ராஜகுமாரியா நிண்ணத நான் ஒளிஞ்சு நிண்ணாக்கும் பாத்தேன். மதிலுக்கு வெளிய ஒரு அயனி மரம். ஏட்டு எனக்க நேரே பாத்தாரு. செரி, தீந்துதுன்னு நினைச்சேன். மனுஷன் பீடி கொளுத்த அந்தப்பக்கம் திரும்பினாரு, திரும்பினவரு திரும்பினதுதான்."

பயறு உரிக்கிற சத்தம் நின்றது.

"பெட்ரோமாக்ஸ் வெட்டத்துல இவ வந்து நிண்ணா. அம்மாடி, என்ன வளத்தி! நான் வச்ச மடிப்பெல்லாம் அவுத்து விட்டிருக்கு. நான் போயி இத்தன காலமாயிட்டுதா, எனக்க பிள்ள நான் பாக்காமலே இவ்வளவு வளந்துட்டாளான்னு கண்ணு நெறஞ்சுட்டு. பொறவு திருநெல்வேலியில சோறு இல்லாத கெடந்தப்பம் எல்லாம் அதத்தான் நினைச்சுக்கிடுவேன். பிள்ளயக் கண்டாச்சுல்லா."

என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அண்ணைக்கு இவ நல்லா செய்தா" என்றாள்.

"செய்தா, செய்தா. நடுவில ஒரு இடத்துல மட்டும் பேச்சு நிண்ணு போச்சு. எனக்கு வெளிய நிண்ணு வேர்த்துட்டு." அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். இத்தனை வருடமாக அதைக் கேட்க நினைத்திருக்கிறார் என்று தெரிந்தது. "எதுக்கு மக்கா அப்ப நிறுத்தின? மறந்துட்டியா?"

"இல்லப்பா" என்றேன். "உங்களத் தேடினேன்."

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.